திருப்பிச் சொல்ல ஓர் ஆள்

இந்தக் காலத்தில் யாரும் யாருக்கும் வாய் திறந்து பதில் சொல்வதில்லை. காதில் எதையோ சொருகிக்கொண்டு தலையை ஆட்டுகிறார்கள். அந்த ஆட்டல் நமக்கா பாட்டுக்கா என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இப்படி ஆகிப்போனதால்தான், காது கொடுக்கக் காசு வாங்கும் ஆட்கள் அறை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்படி ஓர் அறைக்கு என்னை அனுப்பியவள் என் மகள். அவள் வீடு பதினாலாவது மாடியில். அத்தனை படி ஏற முட்டி விடாது. லிஃப்டில் ஏற நெஞ்சு விடாது. லிஃப்ட் மெக்கானிக்காகவே காலம் தள்ளியவன் நான். கேட்டால் சிரிப்பீர்கள். பேத்தியைக் கீழே கொண்டுவந்து காட்டுவாள். காவலாளி பக்கத்தில் நிற்க, ஜெயிலில் மனுப் போட்டுப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்கு வந்து ஒரு தட்டு கழுவி, ஒரு விளக்கை அணைத்துப் படுப்பேன்.

"உங்களுக்குன்னு ஒரு ரூம் காலியா கிடக்குப்பா. இந்தப் பயத்தை மட்டும் யார்கிட்டயாவது காட்டுங்க. எனக்காக" என்றாள் மகள்.

ஆலோசனை சொல்கிறவள் அறை இரண்டாம் மாடி. மூச்சு வாங்கப் படியேறினேன்.

"எத்தனை தடவை வந்தா சரியாகும்மா?"

"இப்பவே சொல்ல முடியாதுங்கய்யா. பேச ஆரம்பிச்சா கொஞ்ச நாள் கூடுதலாக்கூடக் கஷ்டமா இருக்கும், தூக்கம் கெடலாம். வேண்டாம்னா எந்த இடத்துலயும் நிறுத்திக்கலாம். மறக்க வைக்க என்னால முடியாது. அந்த நினைப்பு வரும்போது உங்களை அமுக்கிப் போடாம இருக்க வழி பாக்கலாம்."

"ரிப்பேருக்குப் போய் நான் இப்படிப் பேசியிருந்தா, ஸ்பேனரைப் பிடுங்கிட்டு விரட்டியிருப்பாங்க."

சிரித்தாள். அப்புறம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். நானே வாயைத் திறந்தேன்.

"குழியில ஆள் இருந்தான்."

"குழியில ஆள் இருந்தார்" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். லிஃப்டுக்கு அடியில் ஒரு குழி உண்டு. அதில் ஒருவன் வேலை பார்ப்பான், மேலே ஒருவன் நிற்பான். ஒருவன் கத்திச் சொன்னதை மற்றவன் அப்படியே திருப்பிக் கத்த வேண்டும். முதல் ஆள் 'ஆமா' போட்ட பிறகுதான் சுவிட்சில் கை போகும். இவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

"ஆமா" என்றேன், பழக்க தோஷம். ஆமா போட்டால் வேலை நகர்ந்தாக வேண்டும். நகர்ந்தது.

"சுருட்டைன்னு பேரு. தலையில ஒரு முடி கிடையாது. சொந்தமும் கிடையாது, ஆனா 'மாமோய்'னுதான் கூப்பிடுவான். எவனோ கேக்காம மெயினைப் போட்டுட்டான்."

"யாரோ கேக்காம மெயினைப் போட்டுட்டாங்க."

"ஆமா. லிஃப்ட் அவன் மேல இறங்க ஆரம்பிச்சுது. நிறுத்துன்னு கத்தினேன்."

"நிறுத்துன்னு கத்தினீங்க."

"ஆமா. யாரும் திருப்பிச் சொல்லல."

இதை மட்டும் அவள் திருப்பிச் சொல்லவில்லை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். குடித்தது பாதி, சட்டையில் கொட்டியது பாதி.

"இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாமாய்யா?"

"ஒண்ணும் சரியாகலையே?"

"இன்னும் சரியாகல."

"ஆமா." பொய் சொல்லவில்லை, அந்த மட்டும் சரி. "அடுத்த வாரம் வரவா வேண்டாமான்னு யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியே, லிஃப்ட் பொத்தானை அமுக்கினேன். ஏன் அமுக்கினேன் என்று கேட்காதீர்கள். கதவு திறந்தது. உள்ளே கண்ணாடியில், நனைந்த சட்டையோடு ஒரு கிழவன்.

"கீழ போறேன்" என்றேன் சத்தமாக.

அந்தக் கிழவனும் வாயை அசைத்தான். சத்தம் வரவில்லை. கதவு தானாக மூடிக்கொண்டது.

பேசினால் ஆறிவிடுமாம். எனக்கு நம்பிக்கை இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினேன்.