ஈரல் சாப்பாடு

மச்சினனின் தாடை உடைந்த சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கறி வெட்டுகிறவனுக்கு எலும்பு உடைகிற சத்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்ட பிறகும் இன்னொரு குத்து விட்டேன். அந்தக் கடைசிக் குத்துக்குத்தான் எனக்கு நானே பதில் சொல்ல முடியவில்லை.

எல்லாம் மூன்று கிலோகூடத் தேறாத ஒரு நாய்க்காக. பெயர் பொட்டு. உடம்பெல்லாம் வெள்ளை, நெற்றியில் ஒரு கறுப்புப் பொட்டு, கோபம் மட்டும் மூக்கு நுனியில். அந்த வகையில் அது என் சாதிதான். பிள்ளை இல்லாத எங்கள் வீட்டில் அதுதான் அதிகாரம் பண்ணியது. மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். வேலை மாற்றலாகி எங்களோடு தங்க வந்த அன்றே அவன் கணுக்காலைக் கடித்தது. "இந்தச் சனியனை ஒரு நாள் நானே தீர்த்துக் கட்டுறேன் பாருங்க மாமா" என்றான் சிரித்துக்கொண்டே. நான் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ஆறு வாரத்துக்கு முன்னால் பொட்டு வாந்தி எடுத்தது. ஈறு மஞ்சள் தட்டியது. சாப்பிட்டால் போதும், குடிகாரனைப் போலச் சுவரோரமாகத் தள்ளாடியது. அக்காவும் தம்பியும் அதைக் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனார்கள். எனக்குக் கடையில் கூட்டம். போன் வந்தபோது ஒரு கையில் கத்தி.

"ஈரல்ல கோளாறாம் மாமா. இனிமே ஈரல் சாப்பாடுதான் கொடுக்கணுமாம். பாக்கெட்ல வருதாம்."

"பாக்கெட்டா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று போனை வைத்துவிட்டேன்.

என் தொழிலில் ஈரல் என்றால் ஒன்றுதான். கொக்கியில் தொங்கும், பளபளவென்று இருக்கும். அன்றைக்கே நல்ல இளம் ஆட்டு ஈரலாகப் பார்த்து, பித்தப்பை உடையாமல் அறுத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். உப்பில்லாமல் வேகவைத்து, நகக்கண் அளவுக்கு நறுக்கினேன். அதிலிருந்து தினமும் அப்படித்தான். கேட்டு வந்த வாடிக்கைக்காரர்களிடம் "ஈரல் தீர்ந்துடுச்சு" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

முதல் நாளே மனைவி, "ஏங்க, ஈரல் சாப்பாடுன்னா அது வந்து..." என்று இழுத்தாள். கறி விஷயத்தில் எனக்கே பாடமா என்று தட்டைச் சுவரில் அடித்தேன். தட்டு நெளிந்தது. பேச்சும் நின்றது. அப்படி நெளிந்த தட்டுகள் எங்கள் அலமாரியில் ஏற்கெனவே நான்கு இருந்தன.

பொட்டு தேறத்தான் செய்தது. ஆனால் கடை விடுமுறையன்று நானே மடியில் வைத்து ஊட்டினால் மறுநாள் துவண்டு விழும். மற்ற நாட்களில் காலையில் வைத்துவிட்டுப் போவதோடு சரி, ஒன்றும் ஆகாது. எனக்கு மண்டை காய்ந்தது. மச்சினன் பழைய கடியை மறக்கவில்லை, நான் ஊட்டும் நாளாகப் பார்த்துத்தான் பழி தீர்க்கிறான் என்று முடிவு கட்டினேன். ஆத்திரத்துக்கு ஆதாரமா வேண்டும்?

போன வாரம் விடுமுறைக்கு மறுநாள், மத்தியானம் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். சமையலறைக் குப்பைக்கூடையில் காலையில் நான் வைத்த ஈரல் அப்படியே கிடந்தது. பொட்டு தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, கண் திறந்தபடி நின்றது. மச்சினன் மண்டியிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் அதன் வாய்க்குள் ஏதோ பிசுபிசுப்பாக ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னடா ஊத்துற?"

"மாமா, இது மருந்து..."

சட்டையைப் பிடித்துத் தூக்கி பிரிட்ஜில் மோதினேன். கதவு நசுங்கியது. வயிற்றில் ஒன்று, முகத்தில் ஒன்று, பிறகு அந்தத் தாடை, அதன்மேலேயே இன்னொன்று. ஒரு பல் தரையில் உருண்டது. இரும்புக் கம்பிகளைத் தூக்குகிற கை அவனுக்கு. ஒரு தடவைகூட அந்தக் கை என்மேல் ஓங்கவில்லை. வலது கையில் சிரிஞ்சைச் சிந்தாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டே அடி வாங்கினான்.

மனைவி வாணலியால் என் தோளில் ஓங்கி அடித்தாள். "கசாப்புக் கடையை வீட்டுக்குள்ளயே கொண்டு வந்துட்டீங்களே பாவி!"

அவள் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நான் பொட்டையும் அந்த மருந்து பாட்டிலையும் அள்ளிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். பாட்டிலை மேஜையில் அடித்து வைத்தேன்.

"இது என்ன விஷம்னு எழுதிக் கொடுங்க மேடம். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவர் பாட்டிலைப் பார்க்கக்கூட இல்லை. பொட்டின் காலில் ஊசி ஏற்றிக்கொண்டே கேட்டார். "நேத்து என்ன சாப்பிட்டுச்சு?"

"ஈரல். முதல் தரம். நானே கையால ஊட்டினேன்."

"யார் கொடுக்கச் சொன்னா?"

"நீங்கதான். ஈரல் சாப்பாடுன்னு."

அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து என் முன்னால் போட்டார். நாய் படம், கீழே கொட்டை எழுத்தில் 'ஈரல் உணவு'. "ஈரல் கெட்ட நாய்க்கான சாப்பாடு. இதுல ஈரல் ஒரு துளிகூடக் கிடையாது. இந்த மாதிரி நாய்க்கு ஈரலைக் கொடுத்தா விஷம் தலைக்கு ஏறும். அதை இறக்கத்தான் இந்த பாட்டில். நான் கொடுத்த மருந்து."

பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அந்தத் தம்பி வாராவாரம் போன் பண்ணுவார். 'மாமா வைக்கிற ஈரலைக் கொட்டிட்டு பாக்கெட்டைப் போடுறேன் மேடம், லீவு நாள்ல மட்டும் முடியல'ன்னு. மாமாகிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்கன்னேன். 'நீங்க எங்க மாமாவைப் பாத்ததில்ல'ன்னார்." டாக்டரம்மா என் விரல் முட்டிகளில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார். "இப்ப பாத்துட்டேன்."

பொட்டு நாலு நாளில் பிழைத்துக்கொண்டது. மச்சினனின் தாடைக்குக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், ஆறு வாரம் வாய் திறக்க முடியாது. "அவன் எங்கயும் போகமாட்டான். நீங்கதான் ஆக்கிப் போடணும், ரெண்டு பேருக்கும்" என்றாள் மனைவி. இந்தத் தடவை நான் தட்டு எதையும் சுவரில் அடிக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் எழுதி வாங்கி வந்தேன். பாக்கெட் உணவு, அது இறங்காத வேளைக்குக் குழைந்த சோறு, முட்டையின் வெள்ளைக்கரு, வெந்த பூசணி. உப்பு கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. சிவப்புக் கறி கண்ணில்கூடக் காட்டக் கூடாது. அந்தச் சோற்றையே இன்னும் நீர்க்கக் கரைத்து வடிகட்டி, உப்புப் போட்டால் மச்சினனுக்கு.

இரண்டு கிண்ணங்களோடு அவன் அறைக்குள் போனேன். கட்டில்மேல் அவன் காலடியில் சுருண்டிருந்த பொட்டு என்னைக் கண்டதும் இறங்கி ஓடவில்லை, தான் கடித்த அதே கணுக்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிடுடா" என்றேன். இரண்டு பேரில் யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

மச்சினன் தலையணைக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்து எழுதி நீட்டினான்.

'நீங்க கொஞ்சம் வெளிய இருங்க மாமா. பயமா இருக்கு.'

யாருக்கு என்று எழுதவில்லை. நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே நக்கும் சத்தமும் உறிஞ்சும் சத்தமும் சேர்ந்து கேட்டன. இரண்டும் நிற்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.