ஒரே கூடம், இரண்டு மட்டம்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, புதுத் தரையை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை அவள் உருவி எடுத்தாள். தெருவாசலில் நின்று பார்த்தால் கூடம் அத்தனை வழவழப்பாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த அலுப்பெல்லாம் தீர்ந்தது என்று நாலு எட்டு வைத்திருப்பாள், நட்டநடுவில் கால் பெருவிரல் நங்கென்று இடித்தது.

குனிந்து பார்த்தாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு விரல் தடிமனுக்குப் படி ஒன்று ஓடியது. தெருவாசல் பக்கத் தரை அருமையான மட்டம். குளியலறைப் பக்கத் தரையும் அருமையான மட்டம். இரண்டும் வேறு வேறு மட்டம், அவ்வளவுதான் கோளாறு.

பத்து மணிக்கு அப்பா வருகிறார். சர்க்கரை முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலியை ஓட்டவும், அதிலிருந்து கழிப்பறை இருக்கைக்கு மாறி உட்காரவும் ஒரு மாதமாக ஆஸ்பத்திரியிலேயே பழகியிருந்தார். அண்ணன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் இவள் வீடு. அதற்கும் அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"கக்கூஸுக்கு என்னை யாரும் தள்ளிட்டுப் போகக் கூடாதும்மா. தனியாப் போவேன், தனியா வருவேன். அது நடக்காதுன்னா இப்பவே சொல்லிடு, நான் முதியோர் இல்லத்துல சேர்ந்துக்கறேன்."

சொன்னால் செய்கிற மனுஷன். அங்கே சேர்வதற்கான படிவத்தைக்கூட வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார்.

மேடும் பள்ளமுமாகக் கிடந்த பழைய கான்கிரீட் தரையைச் சமன்செய்யும் வேலையைக் கணவரும் அண்ணனும் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் பஸ் டிரைவர், மற்றவர் எலக்ட்ரீஷியன். இருவருக்கும் சிமெண்ட் வேலை தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. அதைவிடப் பெரிய வில்லங்கம், இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இந்த வீட்டு ஃபியூஸ் பெட்டியை அண்ணன் மெனக்கெட்டு மாற்றிக் கொடுத்த அன்று, "இதை நானே பண்ணியிருப்பேனே" என்று கணவர் வாயை விட்டார். அதோடு சரி. அன்றிலிருந்து எதுவானாலும் இவள் வழியாகத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சாமான் கடைக்காரர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பினால் வெளியே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் கொடுத்திருந்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்ச் சுவரில் நிற்க வேண்டும். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்து, இரண்டு சுவரிலும் ஒரே உயரத்தில் கோடு போட வேண்டும். குரல் கொடுக்க வேண்டும் என்ற இடத்தில்தான் வந்தது வினை. அந்தக் குழாய், கடைக்காரர் போட்ட முடிச்சுகூட அவிழாமல் ஜன்னலில் தொங்க, ஆளுக்கொரு பாதியைத் தன் போக்கில் போட்டு முடித்திருந்தார்கள்.

"ஏங்க! அண்ணா! ரெண்டு பேரும் எழுந்து வாங்க."

வேலைக்காக இரண்டு நாளாக இங்கேயே தங்கியிருந்த அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். கணவர் படியைப் பார்த்தார்.

"என் பக்கம் ரசமட்டம் வெச்சுப் பாரு, குமிழி அசையாம நடுவுல நிக்கும். உங்க அண்ணன் எதைக் கணக்கு வெச்சு ஏத்துனாருன்னு கேளு."

"குளியலறை வாசப்படியைன்னு சொல்லு," என்றான் அண்ணன் சுவரிடம். "அவரு எதைக் கணக்கு வெச்சு எறக்குனாராம்?"

"தெருவாசப்படியைன்னு சொல்லு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "'மட்டம் வந்துச்சா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாக்கு அழுகிப் போயிருக்குமா? உங்க வீம்புக்கு எங்கப்பா முதியோர் இல்லம் போகணுமா? அண்ணா, உனக்கும் அவர் அப்பாதானே?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிந்ததிலாவது ஒற்றுமை இருந்தது.

படியை ஒட்டித் தாழ்ந்த பக்கத்தில் மூன்றடிக்குச் சரிவு போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒருவர் கலவை கலக்க, ஒருவர் வாளி சுமக்க, பூச்சுக் கரணையைப் பிடித்து இழுத்துவிட்டது அவள்தான். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் மூன்றாவது மட்டம் ஒன்று உருவாகிவிடும் என்று பயமாக இருந்தது. முடிக்கும்போது மணி எட்டு. காய நாலு மணி நேரம் ஆகும் என்று மூட்டையில் போட்டிருந்தது.

ஆஸ்பத்திரி வண்டி ஒன்பதரைக்கே வந்துவிட்டது.

நாற்காலியை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்த அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். "எனக்கு அவசரமாப் போகணும். எந்தப் பக்கம்?"

"ரெண்டே நிமிஷம் மாமா," என்று கணவர் பதறினார். "நடுவுல ஈரம். நாற்காலியோட தூக்கி அந்தப் பக்கம் வெச்சுடறோம்."

அப்பா அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். அதுதான் அவளை அறுத்தது. நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பினார்.

"வண்டி போயிடுச்சா பாரும்மா."

"வண்டி கிடக்கட்டும். நீங்க போங்கப்பா," என்றாள். "ஈரத்து மேலயே போங்க."

"தரை பாழாயிடும்!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

"போனாப் போகுது!"

அப்பா திரும்பி உருட்டினார். முன்னாலிருந்த சின்னச் சக்கரங்கள் பாதி காய்ந்த சரிவில் ஏறிப் புதைந்து நின்றன. கணவர் கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தார். அவர் சட்டையை ஒரு கையாலும் அண்ணனின் மணிக்கட்டை மறு கையாலும் பிடித்து நிறுத்தினாள். அப்பாவின் பின்கழுத்து நரம்பு புடைத்தது. கொஞ்சம் பின்னால் வந்து, மூச்சைப் பிடித்து ஒரே தள்ளு. நாற்காலி குலுங்கி மேலே ஏறியது. சரிவில் இரண்டு பள்ளங்களை உழுதுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் குளியலறைக்குள் போனார். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை.

"மாப்பிள்ளை, அந்தக் கரணையை எடுங்க," என்றான் அண்ணன், சரிவுக்கு முன்னால் மண்டியிட்டு. "இறுகறதுக்குள்ள தேய்ச்சு விட்டுடலாம்."

"கொஞ்சம் தண்ணி தெளிக்கணும் மச்சான்."

"தண்ணி பட்டா மேல்பூச்சு உரிஞ்சு வரும்."

"யாரு சொன்னா? நீங்க எத்தனை வீட்டுக்குத் தரை போட்டிருக்கீங்க?"

மூன்று வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் அவிழ்ந்து கொட்ட ஆரம்பித்தது. பேசாதபோதே நிம்மதியாக இருந்ததே என்று அவளுக்குத் தலை வலித்தது. குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. அப்பா சக்கரங்களில் கை வைத்தபடி, மண்டியிட்டுக் கிடந்த இருவரையும் முறைத்தார்.

"வழியில என்ன கூட்டம்? தள்ளிக்கங்க, நான் வரணும்."