கதவைத் திறந்து பார்க்கிறவர்கள்

நெப்ராஸ்காவில், கர்னி ஊருக்கு வெளியே வெர்லின் ஹாக்கின் கொட்டகையில் துணி காயவைக்கும் டிரையர்கள் ஒன்பது இருந்தன. ஒன்பதும் எரிவாயுவில் ஓடுபவை, ஐம்பதுகளில் செய்தவை. அவற்றில் ஒன்றாவது வீட்டுக்குள் வர வேண்டும் என்பது வெர்லினின் பதினொரு வருட ஆசை. மனைவி ஆர்லிஸ் மசியவே இல்லை. போன வாரம் வீட்டிலிருந்த புது டிரையர் கருகிப்போனதும்தான் வழி பிறந்தது. பழைய டிரையர் பித்தர்கள் கொட்டகையில் கூடும் சனிக்கிழமைக் கூட்டத்தில் தன் துண்டுகளை ஒரு மணி நேரத்தில் காயவைத்துக் காட்டினால் 1956ஆம் வருடத்து டிரையர் உள்ளே வரலாம் என்றார் ஆர்லிஸ். தவறினால் புதன்கிழமை கடையிலிருந்து புதியது வரும். அப்புறம் அந்தப் பேச்சே கூடாது.

கூட்டம் என்றால், ஊரார் விருந்துக்குப் பலகாரத்தோடு போவார்கள், இந்தப் பித்தர்கள் அழுக்குத் துணியோடு போவார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே யாரும் வீட்டில் துவைக்க மாட்டார்கள். மினசோட்டாவிலிருந்து வந்த ஆரின் ட்வெட், தன் அழுக்கு போதாதென்று பக்கத்து வீட்டுப் போர்வைகளையும் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

வெர்லின் மண்டியிட்டு, தீக்குச்சியால் சின்னச் சுடரை ஏற்றி, சிவப்புப் பொத்தானை அறுபது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தார். ஐம்பதில் விட்டால் அது கோபித்துக்கொண்டு அணைந்துவிடும். அறுபதுக்கு மசிந்தது. 'பொக்' என்று பெரிய சுடர் பற்றியதும் ஆறு பேர் கை தட்டினார்கள். துவைத்த துண்டுகள் உள்ளே உருள ஆரம்பித்தன.

இரண்டு நிமிஷம் ஆகவில்லை, ஆரின் கதவைத் திறந்து சூட்டைத் தொட்டுப் பார்த்தார். அடுத்தவர் உள்விளக்கைப் பார்க்கத் திறந்தார். இன்னொருவருக்கு வாசனை வேண்டியிருந்தது. கதவு திறந்தால் நெருப்பு அணையும். மூடினாலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் மறுபடி எரியும். அது அந்தக் காலத்து மெஷினின் சுபாவம். அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் அது அத்துப்படி. ஆனாலும் திறந்தார்கள். வெர்லினே நான்கு தடவை திறந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து ஆர்லிஸ் வந்து ஒரு துண்டைப் பிழிந்தார். சொட்டவில்லை, ஆனால் ஈரம்.

"எரியுது, சுத்துது, காயல," என்றார் ஆர்லிஸ். "எத்தன தடவ திறந்தீங்க?"

ஆரின் தன் காலணியைப் பார்த்துக்கொண்டே, பதினாறு இருக்கும் என்றார்.

"நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியத் தூக்கிப் பாத்தா எந்தச் சோறாவது வேகுமா?"

ஆர்லிஸ் அத்தனை பேரையும் வெளியே போய்ச் சாப்பிடச் சொன்னார். மடக்கு நாற்காலியை இழுத்து மெஷின் கதவுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார்.

முட்டைக்கோசும் இறைச்சியும் அடைத்த ரொட்டி வெர்லினின் தட்டில் ஆறிக் கிடந்தது. தோற்றது மெஷின் அல்ல, தன் கைதான் என்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. முக்கால் மணி நேரம் பொறுத்தார், அதற்கு மேல் முடியவில்லை. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

ஆர்லிஸ் மடியில் மடித்த துண்டுகள் இருந்தன. மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வெதுவெதுப்பான பக்கவாட்டில் கையை வைத்தபடி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"துண்டு எப்பவோ காஞ்சிருச்சு," என்றார், கண்ணைத் திறக்காமல். "இப்ப ஓடுறது சர்ச் மேசை விரிப்பு. தொடாதே."

வெர்லின் தொடவில்லை.

"கடைக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிரு. இத உள்ள கொண்டு போறப்ப உன் கூட்டாளிங்க ஒருத்தரும் வாசப்படி தாண்டக் கூடாது."

"நான்?"

ஆர்லிஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நீ வரலாம். கைய பாக்கெட்டுல போட்டுக்கிட்டு."

வெர்லின் அப்போதே இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மனம் நிறைந்து பக்கத்தில் நின்றார்.