ஒன்பதாம் நம்பர் பேட்டரி

ரேணிகுண்டாவில் இருந்த அந்த டேட்டா சென்டரின் பேட்டரி அறையில் நாற்பது பேட்டரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கரண்ட் போனால், ஜெனரேட்டர் கிளம்பும் வரை மேல்மாடி சர்வர்களைத் தாங்கிப் பிடிப்பவை இவைதான். இன்றோடு இவற்றுக்கு ஓய்வு. வாசலில் லித்தியம் பேட்டரிகள் வந்து இறங்கியிருந்தன. அவற்றை யாரும் மீட்டர் வைத்து அளக்க வேண்டாம். தங்கள் கதையைத் தாங்களே திரையில் சொல்லிக்கொள்ளும்.

பொறுப்பாளர் ரூபாவுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் பேட்டரி கம்பெனி அனுப்பிய ஆள் உள்ளே வந்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். கிரண்குமார். அவனைப் பார்த்துப் பதினாலு வருஷம் ஆகிறது. தொப்பை புதிது, மீசை பழையது.

"நல்லாருக்கீங்களா மேடம்?"

"மேடமாம்! ரூபான்னு கூப்ட்டா வாய் கோணிக்குமா?"

கழற்றுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை அளக்க வேண்டும். அவன் மீட்டரை வைத்துச் சொல்ல, அவள் எழுத உட்கார்ந்தாள்.

"ஒன்னு, தர்ட்டீன் ஃபைவ்."

பதிமூன்றரை வோல்ட். அந்தக் குரல் போதும், சித்தூர் வந்துவிட்டது. இருவரும் ஒன்றாக வேலை பார்த்த மாங்கூழ் ஃபேக்டரி. மாங்காய்க் காலத்தில் அங்கே ஈயும் மனிதனும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நுழைவார்கள். ஃபேக்டரி முழுக்க ஏசி இருந்தது சர்வர் அறையில் மட்டும்தான். சனிக்கிழமை தோறும் இருவரும் அங்கே பதினாறு பேட்டரிகளை அளப்பார்கள். கவிழ்த்துப் போட்ட மாங்காய்ப் பெட்டிதான் அவள் நாற்காலி. கிரண் பஸ் கண்டக்டர் மாதிரி கூவுவான்: "புத்தூர், நகரி, தர்ட்டீன் ஃபைவ் எல்லாம் ஏறு!" அவள் கொண்டுவந்த புளிசாதத்தில் பாதி அவனுக்குத்தான். அப்படிச் சிரித்த காலம் அவளுக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

ஐந்தாவது பேட்டரியில்தான் ஒன்றைக் கவனித்தாள். கிரண் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்துகொண்டிருந்தான்.

"ஏன் ரெண்டு வாட்டி?"

"என் கண்ணை நான் நம்பறதில்ல ரூபா. சித்தூர்ல அந்த ஒம்பதாம் நம்பர் இருக்குதே, அதுலேர்ந்து அப்படித்தான்."

அவளால் மேலே எழுத முடியவில்லை.

வாராவாரம் ஒரே எண்தானே வருகிறது என்று அவள் அந்தக் காலத்தில் பட்டியல் முழுவதையும் முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுவாள். கை சும்மா இருந்தால் சாப்பிடலாம், சிரிக்கலாம். ஒரு சனிக்கிழமை அவன், "ஒம்பது, ட்வெல்வ் ஒன்" என்றான். அந்த பேட்டரி சாகக் கிடக்கிறது என்று அர்த்தம். அவள் காதில் விழுந்தது. கையெல்லாம் சாதம். அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டாள், மறந்தும் போனாள். மூன்றாம் நாள் நல்ல சீசனில் கரண்ட் போயிற்று. ஒன்று செத்தால் வரிசையே போச்சு; அரை மணி தாங்க வேண்டிய பேட்டரிகள் இரண்டே நிமிஷத்தில் படுத்தன. சர்வர் நின்று, சூடும் நேரமும் பதிந்த கணக்கு அழிந்ததால் ஒரு நாள் கூழ் முழுக்கப் பாழானது. மேனேஜர் பட்டியலை மேஜையில் போட்டார். ஒன்பதுக்கு எதிரே 13.5. "மீட்டரை வைக்காமலே சொன்னாயா?" என்று கிரணைப் பார்த்துக் கத்தினார். கிரண் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "என் தப்புதான் சார்" என்றான். அன்றே அவனை அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற ரூபா வாயே திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை.

அவன் அறிந்தே தன்னைக் காப்பாற்றினான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இப்போதுதான் புரிந்தது, அவனுக்குத் தெரியவே தெரியாது.

"கிரணு, நீ அன்னிக்கு ட்வெல்வ் ஒன்னுதான் சொன்னே. என் காதுல வுழுந்துச்சு. நான்தான் எழுதல."

"அவுனா? நெசமாவா?"

"ஆமா. மொத்தத்தையும் முன்னாடியே எழுதி வச்சிருந்தேன்."

"நீ எழுதினா தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. நான்தான் பேசிக்கினே தப்பா பார்த்துட்டேன்னு..." கிரண் மீட்டர் கம்பியை விரலில் சுற்றினான். "எங்க நைனா அந்த மேனேஜர் காலைப் புடிச்சாரு, தெரியுமா? இன்னிக்கும் கேஸ் அடுப்ப மூடினியாடான்னு என்னைக் கேட்டுட்டு, அவரே எந்திரிச்சுப் போய்ப் பாக்குறாரு."

மன்னிப்பு கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சொல் இதற்குப் பற்றாது.

"நைனா எங்க இருக்காரு?"

"வடமாலபேட்டையிலதான். வந்து சொல்றியா?"

"ஆறு மணிக்கு ஷிப்ட் முடியுது. வரேன்."

"என்னன்னு சொல்லுவே?"

"நைனா, உங்க புள்ள சரியாத்தான் பார்த்தான், நான்தான் எழுதலன்னு சொல்லுவேன்."

கிரண்குமார் மீட்டரைக் கீழே வைத்தான். பேட்டரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான்.