இருநூறு அடி ஒயர்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில், சாபிராவின் கொட்டகையில் பன்னிரண்டு வருடமாக ஆங்கிள் இரும்பு அறுப்பவன் லூர்து. மோட்டார் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லுவான். "லூர்து, இன்னான்னு பாரு" என்று அவனைத்தான் கூப்பிடுவாள் சாபிரா. டிப்ளமா முடித்த நர்மதா எண்ணூரிலிருந்து வேலைக்கு வந்த மூன்றாம் மாதமே அது "நர்மதா, நீ பாரும்மா" என்று மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் லூர்துக்கு வயிறு எரிந்தது.

அந்த மாதம் அறுக்கிற மெஷினின் மோட்டார் இரண்டு தடவை கருகியது. திங்கட்கிழமை பெரிய மெஷின் ஒன்று வரவிருந்தது. "இது ஏன் கருகுதுன்னு கண்டுபுடிக்கிறவங்க கைலதான் அது" என்றாள் சாபிரா. அது தனக்குத்தான் என்று லூர்து எப்போதோ முடிவு கட்டியிருந்தான்.

நர்மதா மீட்டர் வைத்தாள். "இருநூத்தி இருபத்தெட்டு வோல்ட். கரண்டு நல்லாத்தான் கீதுக்கா. மோட்டாருதான் மட்டம்."

"இன்னா டாக்டரம்மா, நாடி புடிச்சிட்டியா?" என்றான் லூர்து.

நிற்கிற மெஷினை அளக்கிறாள். ஓடி, இரும்பைக் கடிக்கும்போதுதான் மேலே தொங்கும் குண்டு பல்பு மங்கும். ஏன் என்று தெரியாவிட்டாலும், இரண்டு மாதமாக அதைப் பார்க்கிறவன் அவன். வாயைத் திறக்கவில்லை. இவள் பேச்சைக் கேட்டு மூன்றாவதும் எரியட்டும்.

புது மோட்டார் வந்தது. லூர்து வேண்டுமென்றே தடித்த ஆங்கிளை வைத்து அழுத்தினான். மோட்டார் உறுமியது, பல்பு மஞ்சளாகச் சுருங்கியது. நர்மதா அண்ணாந்து பார்த்ததும் சட்டென்று கையை எடுக்கப் போனான்.

"எடுக்காத அண்ணே! அப்டியே அமுத்து!"

மீட்டரின் கொக்கியை ஒயரில் மாட்டினாள். "இருபது ஆம்பியர் இழுக்குது. வோல்ட் நூத்தி எண்பத்தி நாலுதான்! ஒயரு மெலிசுக்கா, இருநூறு அடி வேற. இவ்ளோ கரண்டு போனா வழியிலயே வோல்ட்ட தின்னுடுது. வோல்ட் கொறைஞ்சா, அதே வேலய செய்ய மோட்டாரு இன்னும் கரண்டு இழுக்கும். அந்த சூட்டுல காயில் வெந்துடுது. மெஷினு நிக்கசொல்ல ஒயருல கரண்டே ஓடல, அதான் எனக்கு முழுசா காமிச்சிது. தப்பு எம்மேல."

சாபிரா ஒயரைப் பார்த்தாள், பிறகு லூர்தைப் பார்த்தாள். இரண்டு மாதம் முன்பு மெஷினைப் பின்பக்கம் நகர்த்தியபோது, வீட்டு லைட்டுக்குப் போடுகிற ஒயரை ஆணியடித்து இழுத்தவன் அவன்தான்.

"நல்லவேள, அண்ணன் வுடாம அமுத்திச்சி" என்றாள் நர்மதா. அவள் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் அவனுக்குத் திட்டவாவது வழி கிடைத்திருக்கும்.

"திங்கக்கெயம மெஷினு உன் கைல நர்மதா. லூர்து, நீ போய் தடி ஒயரு வாங்கியா."

வாசல் வரை போனான். கடையில் எத்தனை எம்எம் ஒயர் என்று கேட்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து, நர்மதாவின் எதிரில் நின்று, "எத்தினி எம்எம்?" என்றான்.