கண்ணாடியை மூடிய ஆவி

மிர்னாவுக்கு அறுபத்திரண்டு வயது. தம்பி வெண்டல் மூன்று வயது இளையவன். மொன்டானாவிலிருந்து இருவரும் மாறி மாறி வண்டி ஓட்டிக்கொண்டு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு வந்திருந்தார்கள். செப்டம்பர் மாதக் காலை, குளிர் காதைக் கடித்தது. வெந்நீர் ஊற்றுகளிலிருந்து ஆவி அடர்ந்து கிளம்பிக்கொண்டிருந்தது. மரப்பலகைப் பாதையில் வேறு ஆளே இல்லை.

காற்று ஒரு வீசு வீசியதில் வெண்டலின் தொப்பி பறந்தது. விளிம்பெல்லாம் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கிடந்த நீலக் குளத்துக்கு இந்தப் பக்கம், வெள்ளைத் தரையில் போய் விழுந்தது.

“விட்டுத் தொலைடா. வேற வாங்கிக்கலாம்” என்றாள் மிர்னா.

“நாலே எட்டுதான் அக்கா. அதோ, காட்டெருமை நடந்த தடம் தெரியுது பாரு. அதைத் தாங்கின தரை என்னைத் தாங்காதா?”

“அதுக்காவது மூளை இருக்கு. வெண்டல், வேணாம்!”

அவன் இறங்கிவிட்டான். காலடியில் தரை காலி டப்பா போல ஒலித்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊற்று ஆளுயரத்துக்கு மேல் பீறிட்டது. திரும்பிய காற்று அந்த ஆவி முழுவதையும் அவன்மேல் கொண்டுவந்து கொட்டியது. தம்பி இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

“வெண்டல்! வெண்டல்!”

ஊற்றின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்குமா? அதுகூடத் தெரியாதே. கழுத்தோரம் வியர்த்து, அது அங்கேயே குளிர்ந்தது. மண்டியிட்டு, ஒரு பூட்ஸைக் கழற்றிப் பலகையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். டக், டக், டக்.

ஆவி ஒரு கணம் கிழிந்தது. தொப்பியைத் தாண்டி, அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தான். அவன் பூட்ஸ் முனைக்கு ஒரு சாண் தள்ளி நீலம் கொதித்துக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடி வேர்த்துப்போய் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு எட்டு வைக்கக் காலைத் தூக்கினான்.

“அசையாத!” என்றாள். நல்லவேளை, அப்போது ஊற்று அடங்கியிருந்தது. “காலை இருந்த இடத்துலயே வை. அப்படியே திரும்பு. இப்போ நான் தட்டுற பக்கமா வா. மெதுவா.”

“அக்கா, எங்கிருக்கேன்னே தெரியல.”

“எனக்குத் தெரியும். வா.”

கடைசிக்கு முந்தின எட்டில் தரை உடைந்தது. அவன் அலறியதும், அவள் அவன் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்ததும், இருவரும் பலகையில் மல்லாந்ததும் ஒரே நொடியில் நடந்தன. பூட்ஸுக்குள் போன வெந்நீரில் கணுக்கால் வெந்துபோயிருந்தது.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து பார்த்தார். தோல் ஒட்ட வேண்டியிருக்கும், ஆனால் நடப்பான் என்றார். சட்டத்தை மீறி இறங்கியதற்கு பூங்கா ரேஞ்சர் ஒரு அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மருந்து மயக்கத்தில் வெண்டல் கேட்டான்.

“அக்கா, குளம் எவ்ளோ தூரத்துல இருந்துச்சு?”

அவள் போர்வையை அவன் தோள்வரை இழுத்துவிட்டாள்.

“நல்ல தூரம்டா. தூங்கு.”