அன்வருதீன் பாய் செட்டில் வந்த ஹம்மிங்

1

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. இந்த வருஷம், 2007 ஜூனில், ஒரு தினசரியின் ஞாயிறு இணைப்புக்கு இசை விமர்சனம் எழுதினேன். (அதற்கு எனக்கிருந்த தகுதி: இரண்டு காதுகள்.)

2

கடல் பொன்னிறமாகச் சுருண்டுகொண்டிருந்த அந்த மாலையில், மடிக்கணினியைத் திறந்த பிரெஞ்சு இளைஞனின் விரல்… [வேண்டாம். அழகாக வரப் பார்க்கிறது.]

புதுச்சேரிக் கடற்கரையோரம் ஒரு விடுதி மொட்டைமாடி. அந்த இளைஞன் மடிக்கணினியில் ஓட்டிய மினிமல் டெக்னோ இசை. ஒரு 'டொக்'. நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு 'டொக்'. லினன் சட்டை போட்ட நாற்பது பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள், நானும்தான். இதன் கவர்ச்சி ரொம்ப எளிது: உள்ளே ஒன்றும் இல்லாததால் அவரவர் மேதைமையைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். விமர்சனத்தில் நான் வைத்தது இது: "டொக்குகளுக்கு அடியில் விடாமல் ஓடிய முனகலே அன்றைய இசையின் ஆன்மா. முத்தியால்பேட்டை அன்வருதீனின் ஒலிபெருக்கிகள் அதைத் துல்லியமாக ஏந்தின."

3

அன்வருதீன் பாய் பேப்பரோடு என் வீட்டுக்கு வந்தார். கல்யாணம், மீலாது, மாதா திருவிழா எல்லாவற்றுக்கும் இருபது வருஷமாக மைக் செட் போடுபவர். [கோபமாக வந்தார் என்று முதலில் எழுதினேன். பொய். அழுதுவிடுவார்போல இருந்தார்.]

"சார், அது பாட்டு இல்ல, ஹம்மிங், கரண்டு இரையற சத்தம். அந்தக் கட்டடத்துல எர்த் சரியில்ல. சரி பண்ணப் போனேன். எல்லாரும் கண்ண மூடிக்கினு இருக்காங்க, தொந்தரவு பண்ணாதன்னு அனுப்பிட்டாங்க."

"நல்லவிதமாத்தான எழுதியிருக்கேன், பாய்?"

"எம்பேரப் போட்டு, செட்டு முனகுதுன்னு எழுதிட்டீங்க. மச்சான் பொண்ணு நிக்காவுக்கே வேற செட்டு சொல்லிட்டாங்க. எங்க மூஞ்ச வச்சிக்கிறது? தப்பு கட்டடத்து மேலன்னு ஒரு வரி போடுங்க சார்."

ஒரே வரிதான். அதைப் போட்டால் பழுதுக்கும் இசைக்கும் வித்தியாசம் தெரியாதவன் நான் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

4

முடிவு அ: மறுப்பு வெளியாகிறது. மச்சான் ஓடிவந்து பாயைக் கட்டிக்கொள்கிறார். [இதற்கு நான் யோக்கியனாக இருந்திருக்க வேண்டும்.]

முடிவு ஆ: பாய் என்னை அறைகிறார். [எனக்கு வசதி. அடி வாங்கியவுடன் நல்லவனாகிவிடலாம்.]

முடிவு இ:

"போடறேன் பாய்" என்றேன். போட்டும்விட்டேன், அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். தினசரியில் அல்ல, இருநூறு பிரதி அச்சாகும் இந்தச் சிற்றிதழில். முத்தியால்பேட்டைக்கு ஒரு பிரதிகூடப் போவதில்லை. விசாரித்துவிட்டுத்தான் கதையை அனுப்பினேன்.

பாய் ஞாயிறுதோறும் டீக்கடையில் உட்கார்ந்து இணைப்பைக் கடைசிப் பக்கம்வரை தேடுகிறாராம். நிக்காஹ் அடுத்த மாதம். வரி இங்கே வந்துவிட்டதென்று அவரிடம் நான் சொல்லப்போவதில்லை. நீங்கள்தான் படித்துவிட்டீர்களே.